ஒரு பிள்ளையை எடுத்துவிட்டால் என்ன ஆகிவிடும்?

(‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’, ‘வீல் ஆஃப் டைம்’ என்று நூல்களிலிருந்து எடுத்த மூன்று தொடர்களின் கதையும் கீழே உடைபட்டுக் கிடக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், பதிவு எங்கும் போய்விடாது.)

பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்கு முன் பாட்டியிடம் காட்டிவிட்டுப் போவது ராணி ஹெலேனாவின் வழக்கம். அன்றைக்கும் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு அலிசென்ட்டின் அறைக்குள் நுழைகிறாள். பாட்டி கட்டிப் போடப்பட்டு, வாயில் துணி அடைத்துக் கிடக்கிறாள். உள்ளே இரண்டு ஆட்கள். ஒருவன் முன்னாள் நகரக் காவலன், இன்னொருவன் அரண்மனையில் எலி பிடிப்பவன். மகனுக்கு மகன் என்று எதிர்த்தரப்பின் சார்பில் பழிவாங்க வந்திருக்கிறார்கள். ஹெலேனாவுக்கு மகன்கள் இரண்டு: ஆறு வயது ஜேஹேரிஸ், இரண்டு வயது மேலார். எவனைக் கொல்வது என்று அவளே சொல்ல வேண்டுமாம். என்னைக் கொல்லுங்கள் என்று கெஞ்சுகிறாள். நடக்காது. சீக்கிரம் சொல்லாவிட்டால் மகளுக்கு என்ன செய்வோம் என்று மிரட்டுகிறார்கள். அழுதுகொண்டே சின்னவன் பெயரைச் சொல்கிறாள். சின்னவனுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்தாளோ, பட்டத்துக்கு உரியவனைக் காப்பாற்ற நினைத்தாளோ, யாருக்கும் தெரியாது. எலி பிடிப்பவன் குனிந்து, உன்னைச் சாகடிக்கச் சொன்னது உன் அம்மாதான் என்று அந்தப் பிள்ளையின் காதில் ஓதுகிறான். அடுத்த நொடி மற்றவன் வெட்டியது பெரியவனை.

இது 2018-இல் வெளிவந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூலில் உள்ளபடி. அதை வைத்து எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரில், 2024 ஜூன் 16 அன்று ஒளிபரப்பான இரண்டாம் சீசன் முதல் எபிசோடில் மேலாரே கிடையாது. தூங்கும் இரட்டைப் பிள்ளைகளில் எது ஆண் என்று ஆட்களுக்குத் தெரியவில்லை. ஹெலேனா கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்துப் பார்க்கிறாள். பிறகு விரலால் காட்டுகிறாள். பொய் சொல்கிறாளோ என்று சரிபார்த்துவிட்டு வேலையை முடிக்கிறார்கள். நாம் கேட்பது சத்தம் மட்டும். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

அந்த வாரம் இணையமே பொங்கியது. எதற்கு என்று பார்த்தால்: கொடூரம் போதவில்லை, அலிசென்ட்டைக் கட்டிப் போடவில்லை, அவளைப் படுக்கையறைக் காட்சியில் காட்டிவிட்டார்கள், மிரட்டல் வசனம் இல்லை. எல்லாமே அந்த அறைக்குள் நடந்ததைப் பற்றிய புகார்கள். உண்மையான சேதம் அந்த அறையில் இல்லை.

நூலில் அந்த இரவுக்குப் பிறகு ஹெலேனாவால் மேலாரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. சாகக் கொடுக்கத் துணிந்த பிள்ளை உயிரோடு எதிரே நிற்கிறான். பின்னால் தலைநகரம் எதிரிகள் கைக்குப் போகும்போது மேலாரை மறைத்துக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். பிட்டர்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு கும்பலிடம் சிக்கி அந்தப் பிள்ளை சாகிறது. ஹெலேனா கோட்டைச் சன்னலிலிருந்து குதிக்கிறாள். கீழே அகழியில் நட்டிருந்த ஈட்டி முனைகளில் விழுந்து சாகிறாள். ராணியைக் கொன்றுவிட்டார்கள் என்று ஊருக்குள் புரளி கிளம்புகிறது. கலவரம். கலவரக் கூட்டம் டிராகன்களைக் கட்டி வைத்திருக்கும் கூடத்துக்குள் புகுகிறது. அந்த ஒரே கலவரத்தில் ஐந்து டிராகன்கள் மாய்கின்றன. ஓர் அரச வம்சத்தின் முதுகெலும்பு அங்கேதான் முறிகிறது.

இரண்டு வயதுப் பிள்ளை இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதைக் கழற்றினால் மற்ற கண்ணிகளை எதில் கோப்பது? 2024 செப்டம்பரில், நூலை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே தன் வலைப்பதிவில் இதைத்தான் எழுதினார். மேலாரை விட்டதற்குச் செலவும், சின்னக் குழந்தையை வைத்துப் படம்பிடிக்கும் சிரமமும் காரணமாகச் சொல்லப்பட்டன என்றும், அந்த இல்லாமை இனி ஹெலேனாவின் முடிவைக் காரணமில்லாத முடிவாக ஆக்கிவிடும் என்றும் விளக்கியிருந்தார். பதிவு கொஞ்ச நேரத்தில் நீக்கப்பட்டது. அதற்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள். மூன்று மாதமாக வசனத்தையும் ரத்தத்தையும் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு, புகார் எப்படி எழுத வேண்டும் என்று கதாசிரியரே பாடம் எடுத்த மாதிரி இருந்தது.

‘நூலில் அப்படி இல்லையே’ என்பது ஒரு புகாரே அல்ல. நூலில் இல்லாததை வைக்கலாம், இருப்பதை எடுக்கலாம். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பன் அதை ஏற்கவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போவதாக மாற்றினான். மூலத்தை அறிந்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சிதான். ஆனால் ஆரணிய காண்டத்தில் செய்த மாற்றத்துக்குச் சுந்தர காண்டத்தில் கணக்குத் தீர்த்துவிடுகிறான். இராமனிடம் திரும்பி வரும் அனுமன், உன் தம்பி புல்லால் வேய்ந்த அதே சாலையில்தான் அவள் இருக்கிறாள் என்று சொல்கிறான். அந்த ஒரு வரியில் எத்தனை சேதி! மாற்றம் என்றால் அப்படிச் செய்ய வேண்டும். இங்கே எடுத்ததை அங்கே கட்ட வேண்டும்.

தொடர் பார்த்துக் கடுப்பாகும் வாசகர்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் பாதிக் கூச்சல் காற்றில் போய்விடும். மீதிப் பாதி மிகச் சரியாக இருக்கும்.

முதலில் மன்னிக்க வேண்டியதை மன்னித்துவிடலாம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் நூலின் ஒலிநூல் சுமார் 33 மணி நேரம். அதை வைத்து எடுத்த முதல் சீசன் பத்து எபிசோட், பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ‘வீல் ஆஃப் டைம்’ முதல் நூல் ஒலிநூலாகச் சுமார் 30 மணி நேரம், சீசன் எட்டே எபிசோட். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக மூன்றில் இரண்டு பங்கு போயே தீரும், யார் எடுத்தாலும். அதனால் இந்தப் பாத்திரத்தைக் காணோம், அந்த ஊரைக் காணோம் என்று எபிசோட் முடிந்த கையோடு பட்டியல் போடுவது வீண் வேலை.

போனதில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: மனதுக்குள் ஓடும் பேச்சு. மார்ட்டினின் அத்தியாயங்களுக்குத் தலைப்பே பாத்திரத்தின் பெயர்தான். முதல் நூலில் முன்கதையை விட்டால் எட்டுப் பேரின் கண் வழியாகத்தான் எல்லாமே. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பாத்திரம் டைரியன் எதை நினைத்துக் குமைகிறான் என்பதை யாரிடமாவது அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது இல்லை. டைஷா விஷயம் கெட்டுப்போனது இப்படித்தான்.

டைஷா யார் என்றே பல தொடர் பார்வையாளர்களுக்கு நினைவிருக்காது. முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடில், போருக்கு முந்தைய இரவு, கூடாரத்தில் காதலி ஷேயிடமும் கூலி வீரன் ப்ரானிடமும் டைரியன் சொல்லும் கதை: சின்ன வயதில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிக் கல்யாணம் செய்துகொண்டான். அவள், தன் அண்ணன் ஜேமி காசு கொடுத்து ஏற்பாடு செய்த விலைமகள் என்று பிறகு சொல்லப்பட்டது. அப்பா டைவின் தன் காவலர்களை வரிசையில் நிறுத்தி, மகனைப் பார்க்க வைத்து, அவளைச் சீரழித்தார். தொடரில் கதை அதோடு முடிந்தது.

நூலில் அது பாதிதான். மூன்றாம் நூலின் கடைசியில், சிறையிலிருந்து தம்பியைத் தப்பிக்க வைக்கும் ஜேமி உண்மையைக் கக்குகிறான்: அவள் விலைமகளே இல்லை, அப்பா சொல்லச் சொன்னதால் சொன்ன பொய். டைரியன் அண்ணனை அறைகிறான். அரசன் ஜோஃப்ரியைக் கொன்றது நான்தான் என்று வேண்டுமென்றே பொய் சொல்லி, அக்கா செர்சி யார் யாரோடு படுத்தாள் என்று விஷத்தையும் கக்கிவிட்டுப் போகிறான். அப்பாவின் அறைக்கு ஏறுவது டைஷாவைப் பற்றிக் கேட்க. அப்பா மேல் அம்பு பாய்வதும் அவளைப் பற்றி டைவின் சொன்ன ஒரு சொல்லுக்காக.

2014-இல் நான்காம் சீசன் இறுதி எபிசோடில் அண்ணன் தம்பி கட்டிப் பிடித்துப் பிரிகிறார்கள். டைரியன் ஏன் வாசலை விட்டுத் திரும்பி மாடி ஏறுகிறான்? ஷேயைப் பார்க்கவா? அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாதே. ஏறுகிறான், அவ்வளவுதான். காட்சி நன்றாக இருந்தது, நடிப்பு அபாரம், அன்றைக்கு யாருக்கும் குறை தெரியவில்லை. வாசகர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பின் பொருள் அடுத்த நான்கு சீசனில் தெரிந்தது. நூலில் டைரியன் கடல் தாண்டிப் போகும்போது அண்ணன் மேல் வெறுப்பும் தன் மேல் அருவருப்புமாகக் கறுத்துப் போனவன். தொடரில் அந்தக் கறுப்பு வர வழியில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு நல்ல அமைச்சராகிவிடுகிறான், பிறகு சொல்லும் யோசனையெல்லாம் தப்பாகப் போகிறது. ‘டைரியனை முட்டாளாக்கிவிட்டார்கள்’ என்று 2017-இல் எல்லாரும் புலம்பினார்கள். அதற்கான சீட்டு 2014-லேயே எழுதப்பட்டுவிட்டது.

சரி, வாசகர்கள் எப்போதும் சரியா? ஷிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் சீசன் ஒன்பதாவது எபிசோடில், 2015 ஜூனில், அரியணைக்குப் போட்டியிடும் ஸ்டானிஸ் தன் ஒரே மகளை உயிரோடு கொளுத்துகிறான். வெளிவந்த எந்த நூலிலும் அது இல்லை. ‘ஸ்டானிஸைக் கெடுத்துவிட்டார்கள், இது எழுத்தாளர் பெனியாஃபும் வைஸும் தாங்களாகவே சோடித்தது’ என்று கொதித்தவர்களின் முகத்தில், எபிசோடுக்குப் பிந்தைய பேட்டியிலேயே, இது மார்ட்டின் எங்களிடம் சொன்னது என்று போட்டு உடைத்தார்கள். ஆக ‘நடக்காது’ என்று கத்தியவர்கள் தோற்றார்கள். ஆனால் ‘இப்படி நடக்காது’ என்று சொன்னவர்கள் இன்னும் தோற்கவில்லை. எதிரி ராம்சே இருபது பேரோடு வந்து கூடாரங்களையும் உணவையும் எரிக்கிறான், பனி விழுகிறது, ஒரே எபிசோடுக்குள் தகப்பன் முடிவெடுத்துவிடுகிறான். ஆறாம் நூலிலிருந்து முன்கூட்டி வெளியான ஓர் அத்தியாயத்திலோ ஸ்டானிஸ், நான் செத்தாலும் என் மகளை அரியணையில் உட்கார வைப்பது உன் பொறுப்பு என்று தன் வீரனுக்குக் கட்டளையிடுகிறான். மகள் அவன் பக்கத்திலேயே இல்லை. அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு வர எத்தனை படி ஏற வேண்டும்! தொடர் படிகளை விட்டுவிட்டு மாடியை மட்டும் காட்டியது. சேருமிடத்தைத் திட்டுவதா, வழியைத் திட்டுவதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

கூட்டியதில் கொண்டாடப்பட்டவை நிறைய. முதல் சீசனில் எபிசோட்கள் நீளம் போதாமல் குறைந்ததால் எழுதிச் சேர்த்த காட்சிகளில் ஒன்று அரசர் ராபர்ட்டும் ராணி செர்சியும் தங்கள் செத்துப்போன தாம்பத்தியத்தைப் பற்றிப் பேசுவது. நூலில் இருவரும் யாருடைய கண்ணிலும் படாமல் தனியாக இருக்கவே முடியாது, ஏனென்றால் இருவருக்குமே அங்கே அத்தியாயம் கிடையாது. இரண்டாம் சீசனில் சிறுமி ஆர்யா டைவினுக்குக் கோப்பை ஏந்துவது இன்னொன்று. நூலில் அவள் ஏந்தியது ரூஸ் போல்டனுக்கு. ஹார்ட்ஹோம் போர் நூலில் ஒரு கடிதச் செய்திதான், தொடரில் 2015-இன் சிறந்த அரைமணி நேரம். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ அரசர் விசெரிஸ் நூலில் உள்ளவரைவிட நன்றாக வந்திருக்கிறார் என்று மார்ட்டினே ஒப்புக்கொண்டார். நூல் தீவிரர்கள் எவரும் இவற்றுக்குக் கொடி பிடிக்கவில்லை, கவனித்தீர்களா? சும்மா கிடந்த இடத்தில் கட்டினார்கள். எதையும் இடிக்கவில்லை.

வீல் ஆஃப் டைம், அல்லது தாமதமாகக் கிடைத்த பாராட்டு

14 நூல்கள். ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கி, 2007-இல் இறந்து, அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்றை எழுதி 2013 ஜனவரியில் முடித்தார். இத்தனை வருடம் காத்திருந்த வாசகனுக்கு 2021 நவம்பரில் முதல் எபிசோடிலேயே ஓர் அடி. கொல்லன் பெரினுக்கு லைலா என்று ஒரு மனைவி! நூலில் அவனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. போர்க் குழப்பத்தில் கோடாரியைத் திருப்பியவன் தவறுதலாக அவளையே கொன்றுவிடுகிறான்.

தயாரிப்பாளர் பக்கத்து நியாயம் புரியாமல் இல்லை. நூலில் பெரினின் சிக்கல் முழுக்க உள்ளே நடப்பது: பலசாலி, தன் பலத்தைக் கண்டே பயப்படுபவன், கோடாரியா சுத்தியலா என்று வருடக்கணக்கில் தராசில் ஆடுபவன். அதை வெளியே காட்ட ஒரு சம்பவம் தேவை. ஆனால் தேர்ந்தெடுத்த சம்பவத்தின் எடையைப் பாருங்கள். கட்டின மனைவியைத் தன் கையால் கொன்றவன் எட்டு எபிசோட் முழுக்க அதைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது. நினைத்தால் கல்நெஞ்சன், நினைத்துக்கொண்டே இருந்தால் பார்ப்பவனுக்கு அலுப்பு. இரண்டுமே நடந்தது. பின்னால் ஃபெயில் என்ற பெண் வரும்போது காதலுக்கு முன் இந்தப் பிணத்தைத் தாண்ட வேண்டும். பயத்தைக் காட்ட ஒரு கீறல் போதுமாக இருந்த இடத்தில் காலையே வெட்டிவிட்டார்கள்.

இன்னொன்று, டிராகன் (இந்தக் கதையில் அது விலங்கல்ல, மறுபிறவி எடுத்து வரும் வீரனின் பட்டம்) யார் என்பதைப் புதிராக வைத்தது. நூல் பெரும்பாலும் ராண்ட் என்ற பையனின் தலைக்குள்தான் நடக்கிறது. தொடர் ஐந்து பேரில் யாராகவும் இருக்கலாம் என்று ஏழு எபிசோட் மறைத்தது. விளைவு, கதாநாயகனோடு நாம் பழக வேண்டிய நேரத்தில் அவன் ஓரத்தில் நின்றான். இதற்கு நடுவில் கோவிட் வேறு. மாட் பாத்திரத்தில் நடித்த பார்னி ஹாரிஸ் பாதியில் விலகினார், கடைசி எபிசோட்களில் மாட் இல்லாமலே கதையைத் திருப்ப வேண்டியிருந்தது. இரண்டாம் சீசனிலிருந்து டோனல் ஃபின். ரசிகர் கோபத்தில் எழுத்தாளர் செய்தது எது, விபத்து செய்தது எது என்று பிரிக்காமல் மொத்தமாகக் கழுவி ஊற்றினார்கள்.

2025 மார்ச்சில் வந்த மூன்றாம் சீசன் நான்காம் நூலை எடுத்துக்கொண்டது. நான்காவது எபிசோட் ருயிடீன் என்ற நகரத்தில்: கண்ணாடித் தூண்களுக்குள் நடக்கும் ராண்ட் தன் முன்னோர்களின் கண் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போகிறான். ஒவ்வொரு படியிலும் ஒரு குலம் எதை மறந்தது, எதை மறைத்தது என்று தெரிகிறது. நூலில் வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் அத்தியாயங்கள் அவை. நடிகர் ஜோஷா ஸ்ட்ராடவ்ஸ்கி ஒவ்வொரு மூதாதையாகவும் வேறு முகத்தோடு வந்தார். வரிசையை மாற்றவில்லை, படிகளை விடவில்லை. முதல் சீசனோடு கைகழுவிய வாசகர்கள்கூடத் திரும்பி வந்து கொண்டாடினார்கள். மே 23 அன்று தொடர் ரத்தானது. முதல் சீசனில் கோபித்துக்கொண்டு போன கூட்டம் அப்படியே போய்விட்டது, திரும்பி வந்தது சிலர்தான். கொடுமை என்னவென்றால் இரண்டு பக்கமும் பிழை சொல்ல முடியாது.

வாசகனின் அகம்பாவம் பறிபோன வருடம்

2013 ஜூன் 2. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் சிவப்புக் கல்யாணம், விருந்துக்கு வந்தவர்களையே கொன்று குவிக்கும் எபிசோட், ஒளிபரப்பானது. 2000-லேயே படித்து அழுது முடித்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். வாசகன் என்பவன் அப்போது ஒரு தீர்க்கதரிசி. தெரிந்தும் சொல்லாமல் சிரிப்பவன்.

2016-இல் அது தலைகீழானது. ஐந்தாம் நூல் 2011-இல் வந்தது, ஆறாவது வரவில்லை, தொடர் நூலைத் தாண்டிவிட்டது. மே 22 அன்று ஹோடோர் என்ற பாத்திரத்தின் பெயருக்கு என்ன பொருள் என்று தொடர் சொன்னபோது, அது மார்ட்டின் மனதில் இருந்த ரகசியம் என்றும் தெரிந்தது. வாசகனுக்கே ஸ்பாய்லர்! அதற்குப் பிறகு வாசகர்களின் விமர்சனத்தில் ஒரு மாற்றம் வந்தது. நூலோடு ஒப்பிட நூல் இல்லை. ஆகவே தொடரை அதன் முந்தைய சீசன்களோடேயே ஒப்பிட ஆரம்பித்தார்கள். ஏழாம் சீசனில் ஜென்ட்ரி பனியில் ஓடிக் கோட்டையை அடைந்து, காகம் பறந்து டிராகன்ஸ்டோன் தீவுக்குப் போய், டிராகன் ராணி டெனேரிஸ் பறந்து வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று வரைபடத்தில் அளந்தது பொழுதுபோகாத வேலை அல்ல. முதல் சீசனில் அரசர் வடக்கே வர ஒரு மாதம் பிடித்தது. தூரம் என்பது அந்த உலகத்தில் ஒரு சட்டம். சட்டத்தை மீறியவர்கள் அதை எழுதியவர்களே.

‘பெல்ஸ்’ எபிசோடுக்கு வருவோம். 2019 மே 12, மணி அடித்து நகரம் சரணடைந்த பிறகும் டெனேரிஸ் அதை எரிக்கிறாள். அவள் இப்படி ஆவாள் என்பதற்கு முதல் சீசனிலிருந்தே அறிகுறி உண்டு, அதனால் ‘பொருந்தவே இல்லை’ என்ற புகார் பலவீனமானது. பலமான புகார் இன்னொன்று: 2015-இல் வந்த ஐந்தாம் சீசனை எழுதும்போது கழற்றிவிட்ட ஒரு பையன். நூலில் இளம் கிரிஃப் என்ற பெயரில் வளரும் அவன், தானே அரச வம்சத்து வாரிசான உண்மையான ஏகான் டார்கேரியன் என்று சொல்லிக்கொண்டு டெனேரிஸுக்கு முன்பே வெஸ்டரோஸ் கண்டத்தில் படையோடு இறங்குகிறான். வாசகர்களின் கணிப்பு: மக்கள் அவனை ஏற்றுக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருகிற டெனேரிஸ் மீட்பராக அல்ல, படையெடுப்பாளியாகத்தான் தெரிவாள். மக்களின் அன்பு தனக்கு இல்லை என்ற வெறி அவளுக்கு வர அங்கே காரணம் உண்டு. தொடரில் அந்த வேலையை ஒரு விருந்துக் காட்சியில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் முகத்தை வைத்து முடிக்கப் பார்த்தார்கள். அதே எபிசோடில்தான் மேசையில் காப்பிக் கோப்பையும் இருந்தது. ஊர் சிரித்தது கோப்பையைப் பார்த்து, காணாமல் போன பையனை யாரும் தேடவில்லை.

எட்டாம் சீசனைத் திரும்ப எடு என்ற மனுவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அதே சீசன் சிறந்த தொடர் உட்பட 12 எம்மி வாங்கியது. இறுதி எபிசோடை அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் 1.93 கோடிப் பேர் பார்த்தார்கள். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை.

இருட்டுப் புகார் மட்டும் தனி ரகம், கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏப்ரல் 28-இன் ‘லாங் நைட்’ 82 நிமிடம், 55 இரவு படமாக்கியது, பாதிப் பேருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், குறை பார்க்கும் விதத்தில் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம். ஸ்ட்ரீமிங்கில் வீடியோவைச் சுருக்கும்போது முதலில் பலியாவது கருமைக்குள் இருக்கும் நுணுக்கம். மெல்ல மாறும் கறுப்பு, பட்டை பட்டையாகக் கட்டங்களாக உடைந்துவிடும். இதற்கு டிவியில் ஒன்றும் செய்ய முடியாது, வேகமான இணைப்போ பிளூரேயோதான் வழி. மீதிப் பாதி நம் கையில்: மின்சேமிப்பு முறையையும் அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே மங்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். படமுறையை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ ஆக்குங்கள். ‘விவிட்’ முறை இருட்டை இன்னும் நசுக்கும். அறை விளக்கை அணையுங்கள், முக்கியமாகத் திரையில் பிரதிபலிப்பதை. வெளிச்சத்தைக் கண்டபடி ஏற்றினால் கறுப்பு சாம்பலாகுமே தவிர விவரம் கூடாது. இதெல்லாம் செய்த பிறகும் தோத்ராக்கி குதிரைப்படையின் தீவாள்கள் தூரத்தில் ஒவ்வொன்றாக அணைவது தெளிவாகத் தெரியவில்லை என்றால் அப்புறம் திட்டலாம்.

மதிப்பெண்களைப் பற்றியும் இரண்டு வரி. முதல் நாள் சராசரியைப் பார்க்காதீர்கள். ஐஎம்டிபியில் எண்ணைச் சொடுக்கினால் 1 முதல் 10 வரை எத்தனை பேர் போட்டார்கள் என்ற படம் வரும். இரண்டு முனையும் உயர்ந்து நடுவில் பள்ளம் என்றால் அங்கே சண்டை நடக்கிறது, எபிசோடைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நடுவில், நான்கிலிருந்து ஏழு வரை, தடிப்பாக இருந்தால் மக்கள் உண்மையிலேயே பார்த்துவிட்டு ஏமாந்திருக்கிறார்கள். 2022-இல் ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் வந்தபோது அமேசான் தன் தளத்தில் பார்வையாளர் மதிப்புரைகளை 72 மணி நேரம் நிறுத்தி வைத்தது. அந்தத் தொடரைத் திட்டுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: அவர்களிடம் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலுக்கும் அதன் பின்னிணைப்புகளுக்கும் ‘ஹாபிட்’ நூலுக்கும்தான் உரிமை இருந்தது, ‘சில்மரில்லியன்’ நூலுக்கு இல்லை. அந்தக் கதையுலகில் 3441 ஆண்டுகள் நீண்ட இரண்டாம் யுகத்தைச் சில மனிதர்களின் ஆயுளுக்குள் நசுக்கியதைக் கேளுங்கள். அது அவர்களாகவே எடுத்த முடிவு.

‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ விஷயத்தில் வாசகர்கள் கொஞ்சம் நிதானிக்கவும் வேண்டும். ‘ஃபயர் அண்ட் பிளட்’ ஒரு நாவலே அல்ல, பொய் வரலாற்று நூல். மஷ்ரூம் என்ற அரசவைக் கோமாளி ஒன்று சொல்வான், செப்டன் யூஸ்டஸ் இன்னொன்று சொல்வார், கிராண்ட் மேஸ்டர் மங்கன் மூன்றாவது. தொடர் ஏதாவது ஒன்றைத்தான் காட்ட முடியும். அப்படித் தேர்ந்தெடுத்ததை மீறல் என்று எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது நல்லது. சாட்சிகள் முரண்படும் இடம் தொடரின் உரிமை. மூவரும் ஒத்துப்போகும் இடத்தில் கைவைத்தால் கேட்கலாம்.

எபிசோட் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு தாளில் மேலிருந்து கீழே கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தால் போதும். என்ன மாறியது, நூலில் அதன் மேல் நின்ற பிற்பாட்டுக் காட்சி எது, தொடரில் அந்தக் காட்சிக்கு இப்போது முட்டுக் கொடுப்பது எது. மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் உடனே கொதிக்க வேண்டாம், கம்பனைப் போல இரண்டு காண்டம் கழித்து நிரப்பலாம். ராபர்ட்டும் செர்சியும் பேசியதற்கு இரண்டாவது பத்தியே காலி, அதனால் அது நிம்மதி. டைஷாவுக்கு மூன்றாவது பத்தி கடைசி வரை காலியாகவே இருந்தது. இளம் கிரிஃபுக்கு ‘ஒரு விருந்து, ஒரு முகம்’ என்று எழுதலாம், அவ்வளவுதான்.

மேலாரின் வரிசையில் இரண்டாவது பத்தி நீளமாக இருக்கிறது: ஹெலேனா, சன்னல், ஈட்டிகள், புரளி, கலவரம், ஐந்து டிராகன்கள். முதல் பத்தியில் ரத்தம் குறைவு என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். மூன்றாவதில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கலாம், ஹெலேனா அந்தச் சன்னல் பக்கம் போகும் வரை.